வாரத்துக்கு 2 மணி நேரம் கிடைக்குமா?

"உதவணும்னு ஆசைதான்... ஆனா நேரம் எங்கே இருக்கு?"

புற்றுநோயாளிகளுக்குச் சேவை செய்வது பற்றிப் பேச்செடுத்தால் பலரும் சொல்கிற பதில் இது. வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் போய் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் பெரிய தொகையாக நன்கொடை தர வேண்டும் என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தேவைப்படுவது வேறு.

ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் பள்ளிப்பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், திருத்தணிக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் இருக்கும் அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கதிர்வீச்சு சிகிச்சை என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள், அதுவும் பல வாரங்கள். இயந்திரத்தின் கீழ் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். அலைச்சலோ நாள் முழுக்க!

கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தருகிறார்கள் என்றால், மொத்த சிகிச்சையையும் 8 வாரங்களுக்குள் முடிக்கச் சொல்வார்கள் டாக்டர்கள். இடையில் நாள்கள் விட்டுப்போனால், நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறைகிறது.

ஆனாலும் விட்டுப்போகிறது. காரணம் பணம் மட்டுமல்ல. தறியை யார் ஓட்டுவது, மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது, ஸ்கூல்விட்டு வரும் பிள்ளைக்கு யார் சோறு போடுவது? துணைக்கு வருகிறவரின் ஒரு நாள் கூலியும் போகும். 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று அந்த அம்மா வீட்டிலேயே தங்கிவிடுவது இதனால்தான். செவ்வாய்க்கிழமை மாலை மட்டும் அந்தப் பிள்ளையை உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டால், அதுவும் சிகிச்சைக்குச் செய்த உதவிதான்.

இதை ஊர் கூடிச் செய்து காட்டியது கேரளா. 1993-ல் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் போன்றவர்கள் கோழிக்கோட்டில் வலி நிவாரணத்துக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் தொடர்ச்சியாக மலப்புரம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தினரையே தன்னார்வலர்களாகச் சேர்த்தார்கள். கேட்டது, வாரத்துக்கு 2 மணி நேரமாவது ஒதுக்க முடியுமா என்பதுதான். பயிற்சி கொடுத்து நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். வலிக்கு மருந்து தருவது டாக்டர், நர்ஸ் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது, வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பது இவர்கள் வேலை. செலவுக்கான பணமும் பெரும்பாலும் உள்ளூரிலேயே சின்னச் சின்னத் தொகையாகச் சேர்ந்தது.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரண சிகிச்சை அளிக்கும் சேவையும் இருக்கிறது. உங்கள் தெருவில் படுத்த படுக்கையாக ஒருவர் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். அரை மணி நேர வேலை.

செல்போனும் படிப்பும் இருக்கிற இளைஞர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம். அதற்கு வருமானச் சான்று வாங்கித் தர ஓர் ஆள் வேண்டும். சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு இரண்டாம் வகுப்பில் 75% கட்டணச் சலுகை உண்டு. துணைக்குப் போகிறவருக்கும் உண்டு. மருத்துவமனையில் அதற்கான சான்றிதழை வாங்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிப்பட்டுக்காரர்கள் பலருக்குத் தமிழும் தெலுங்கும் சரளம். தெலுங்கு மட்டுமே தெரிந்த நோயாளி சென்னை ஆஸ்பத்திரியில் திணறும்போது, போனிலேயே மொழிபெயர்த்துச் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பார்க்கப் போகும்போது வாட்ஸ்அப்பில் வந்த கஷாயக் குறிப்பைக் கொண்டுபோகாதீர்கள். 'எங்க சித்தப்பாவுக்கும் இதே நோய்தான்...' என்று சோகக் கதையை ஆரம்பிக்காதீர்கள். சும்மா உட்கார்ந்து, அவர் பேசினால் கேளுங்கள்.

முடி தானம் பற்றியும் கேட்பீர்கள். திருத்தணி முருகனுக்கு நேர்ந்துகொண்ட முடியில் நான் கை வைக்கச் சொல்லவில்லை! மற்றபடி நீளக் கூந்தலை வெட்டப் போகிறவர்கள், கீமோவில் முடி இழந்தவர்களுக்கு விக் செய்யும் அமைப்புகளுக்குத் தரலாம். என்ன நீளம் வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், சென்னையில் படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகள் முதலில் செய்ய வேண்டியது பிளேட்லெட் தானம். ரத்தப் புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சையின்போது பிளேட்லெட் அடிக்கடி தேவைப்படும். எடுத்துவைத்தால் 5 நாள்தான் தாங்கும் என்பதால், சேமித்துக் குவிக்கவும் முடியாது. 18 வயது நிறைந்த ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்தப் பரபரப்பான 'அர்ஜென்ட்' ஃபார்வர்டுகளை நம்பி ஓடாமல், ஏதாவது ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் ரத்த வங்கியில் பெயரையும் எண்ணையும் கொடுத்துவையுங்கள். தேவைப்படும்போது அவர்களே கூப்பிடுவார்கள்.