பட்டியலில் விடுபட்டவர்களும் படிவம் சுமப்பவர்களும்

"பி.எல்.ஓ. எங்க தெருப் பக்கமே வரல." டிசம்பர் 19 அன்று வரைவு வாக்காளர் பட்டியல் வெளியானதிலிருந்து தூத்துக்குடிப் பக்கத்து உப்பளக் குடியிருப்புகளில் நாங்கள் அதிகம் கேட்கும் புகார் இதுதான். "மூணு தடவ போனேன், வீடு பூட்டிக் கிடந்துச்சு" என்பது மறுபக்கத்துப் புகார். இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள். இருவரையும் இந்த நிலையில் நிறுத்தியது யார் என்ற கேள்வி மட்டும் தப்பித்துக்கொள்கிறது. அதை நாம் கேட்டாக வேண்டும்.

வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்றதும் மேசை போட்டு உட்காரும் அதிகாரி என்று நினைத்துவிடக்கூடாது. அவர் ஓர் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கலாம். சத்துணவு அமைப்பாளராகவோ கிராம உதவியாளராகவோ ஆசிரியராகவோ இருக்கலாம். அவர் கையில் 1,200 பேர் வரை. வீடு வீடாகப் போய் ஆளுக்கு இரண்டு படிவம் கொடுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் குறைந்தது 3 முறை போக வேண்டும். திரும்ப வாங்கி, சரிபார்த்து, கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். நவம்பர் 4இல் தொடங்கி ஒரே மாதத்தில் முடிக்கச் சொன்னார்கள். பிறகு டிசம்பர் 11, அப்புறம் 14 என்று நாள் நீண்டது. அன்றாட வேலையும் கூடவே இருந்தது.

இதற்கு மதிப்பூதியம் ஆண்டுக்கு 6,000 ரூபாயாக இருந்து, 2025இல்தான் 12,000 ஆனது. மாதம் ஆயிரம் ரூபாய்! கடமை தவறினால் 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 32ஆம் பிரிவு காத்திருக்கிறது. 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை. நவம்பர் 18 முதல் வருவாய்த்துறை ஊழியர் சங்கங்கள் இப்பணியைப் புறக்கணித்தன. கூடுதல் ஆட்களைப் போட்டு இவர்களின் சுமையைக் குறையுங்கள் என்று டிசம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

சுமை நடையில் மட்டும் இல்லை, தேடலிலும் இருக்கிறது. வாக்காளரின் பெயரோ அவருடைய பெற்றோரின் பெயரோ 2002, 2005இல் நடந்த தீவிரத் திருத்தத்தின் பட்டியலில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். தொகுதி, பாகம் எண், வரிசை எண் எல்லாம் வேண்டும். 2008 தொகுதி மறுசீரமைப்பில் நம் மாவட்டத்துச் சாத்தான்குளம் தொகுதியே இல்லாமல் போய்விட்டது. அங்கே பிறந்து, முத்தையாபுரத்துக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட ஒரு பெண் இன்று தேட வேண்டியது, இப்போது இல்லாத தொகுதியில், தன் அப்பா ஓட்டுப் போட்ட சாவடியின் பாகம் எண்ணை. அவளுக்கும் தெரியாது, பி.எல்.ஓ.வுக்கும் தெரியாது. இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலை வைத்திருப்பது ஆணையம். தேட வேண்டியவர்கள் மட்டும் இவர்கள் இருவரும்.

அடுத்தது, வந்த காலம். உப்பளம் மழையில் ஓடாது. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர், வேலை கிடையாது. இதை ஒப்புக்கொண்டுதான் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான நிவாரணமாக உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் தருகிறது தமிழ்நாடு அரசு. அந்தத் தொகையில் மூன்று மாதம் குடும்பம் ஓடுமா? கட்டட வேலை, தோட்ட வேலை என்று கிடைத்த இடத்துக்குப் போகிறார்கள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கணக்கெடுப்பு வந்தது. வேலை தேடிப் போனவர் வீட்டில் பூட்டுத்தானே தொங்கும்? அந்தப் பூட்டுக்குப் பட்டியல் மொழியில் பெயர் "முகவரியில் இல்லை".

தமிழ்நாடு முழுவதும் 97 லட்சம் பெயர்கள் வரைவில் இல்லை. 6.41 கோடி 5.43 கோடியாகிவிட்டது. இறந்தவர்கள் 26 லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். இறந்தவர் பெயரை எடுப்பதில் நமக்கு மறுப்பில்லை. ஒருவருக்கு இரண்டு ஓட்டு வேண்டும் என்றும் நாம் கேட்கவில்லை. ஆனால் 66 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் வருகிறார்கள். நம் கவலை அந்தக் கணக்கில்தான். சொந்த வீடும் பட்டாவும் உள்ளவர் ஏன் இடம் மாறப் போகிறார்? வாடகைக்குடிசையில் இருப்பவர்தான் மாறுகிறார். நிலமில்லாதவர் யார் என்பதற்கு இந்த நாட்டில் சாதியைப் பார்த்தாலே விடை கிடைக்கும்.

வரைவில் பெயர் வந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. பழைய பட்டியலோடு பொருந்தாதவர்களுக்கு நோட்டீஸ் வரும். 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் தன் ஆவணத்தைக் காட்ட வேண்டும். அதன்பின் பிறந்தவர் தாய் தந்தையில் ஒருவருடையதையும், 2004 டிசம்பர் 2க்குப் பின் பிறந்தவர் இருவருடையதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஆதார் அடையாளத்துக்கு மட்டும்தான், குடியுரிமைக்குச் செல்லாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் செல்லும், பாஸ்போர்ட் செல்லும். பள்ளி வாசலை மிதிக்காமல் பத்து வயதில் அளத்துக்குப் போன அம்மாவிடம் எதைக் கேட்பது? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது. பீரோ இருந்த வீட்டிலேயே காகிதம் தப்பவில்லை. தகரப்பெட்டி இருந்த வீட்டில்?

முடியாது, வேறு வழியில்லை என்பவர்களுக்கு வரலாறு பதில் சொல்கிறது. 1948இல், அரசியல் சட்டம் முடியும் முன்பே, வயதுவந்தோர் வாக்குரிமைக்கான முதல் பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து வந்த அகதிகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. இங்கேயே நிரந்தரமாகத் தங்கப்போகிறேன் என்று அவர்கள் உறுதி சொன்னால் போதும், பெயரைச் சேருங்கள் என்று அறிவுறுத்தினார்கள். அரசு மனிதனின் வாய்ச்சொல்லை நம்பியது.

அதே 1948இல் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை வேறு வழியில் போனது. உன் அப்பா எங்கே பிறந்தார், தாத்தா எங்கே பிறந்தார் என்று மலையகத் தமிழரிடம் கேட்டது குடியுரிமைச் சட்டம். தேயிலைத் தோட்டத்தில் யார் பிறப்புச் சான்று எழுதி வைத்தார்கள்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள், ஓட்டும் போனது. அவர்களில் பெரும்பகுதி நம் சாதிசனம். இந்தத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகளும் அவர்களில் உண்டு. அப்பனின் காகிதத்தைக் கேட்கும் சட்டம் யாரை வெளியே தள்ளும் என்பதை நம் மக்கள் ஏற்கெனவே பட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சேரித் தெரு என்பதாலேயே உள்ளே வராமல், டீக்கடையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிய பி.எல்.ஓ. யாராவது இருந்தால், அவரை விட்டுவிடச் சொல்லவில்லை. அது தீண்டாமை, புகார் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் கால் வீங்க நடந்த அங்கன்வாடி அக்காவை எதிரியாக்கிக்கொள்வது, மேலே இருப்பவர்களுக்கு நாம் செய்யும் உதவி.

2026 ஜனவரி 18 வரை என்றுதான் முதலில் காலம் கொடுத்தார்கள். ஒவ்வொரு சாவடியிலும் நீக்கப்பட்டவர் பட்டியல் இருக்கிறது. அதை வாங்குங்கள். பகலில் போகாதீர்கள், வேலைக்குப் போனவர்கள் திரும்பும் பொழுது சாய்ந்த நேரத்தில் தெருவுக்குப் போங்கள். பெயர் பெயராக வாசியுங்கள். இருப்பவருக்குப் படிவம் 6ஐயும் உறுதிமொழியையும் நிரப்பிக் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். பழைய பட்டியலைத் தேட உங்கள் கைபேசியைக் கொடுங்கள். நோட்டீஸ் வந்த வீட்டாரோடு விசாரணைக்குக் கூடவே போங்கள். ஜனவரி 1இல் 18 வயது நிறையும் தம்பி தங்கைகள் உங்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

கூடவே கோரிக்கையையும் எழுப்புவோம். மழை மாதத்தில் கணக்கெடுக்காதே. அளத்து வாசலிலும் மீன்பிடித் துறைமுகத்திலும் முகாம் போடு. பி.எல்.ஓ.வுக்கு உழைப்புக்கேற்ற ஊதியம் கொடு, சிறையைக் காட்டி மிரட்டாதே. பெயர் இருக்கக்கூடாது என்றால் அதை நீ நிரூபி. குடிமகனைத் தேடிக் கண்டுபிடிப்பது அரசின் வேலை. தான் இருக்கிறேன் என்று நிரூபிப்பது உப்பளத்துக்காரியின் வேலையல்ல.