தனுஷ்கோடியைப் பேய் நகரம் என்பது தகுமா?

தனுஷ்கோடி என்றாலே ‘பேய் நகரம்’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அதற்கு மூன்று காரணங்கள் காட்டுகிறார்கள்: 1964 புயலில் மாண்டவர்களின் ஆவி இடிபாடுகளில் அலைகிறதாம், அதனால்தான் இருட்டிய பின் யாரையும் உள்ளே விடுவதில்லையாம், அங்கே மனிதர் எவரும் குடியிருப்பதில்லையாம். மூன்றுமே ஆராய்ந்தால் நிற்காதவை.

முதலில் மரணங்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என ‘போட் மெயில்’ பயணிகளால் செழித்த துறைமுகம் அது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில், பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பயணிகள் ரயிலைக் கடல் விழுங்கியது. அதில் இருந்தவர்கள் 115 பேர் என்கிறது ரயில்வே கணக்கு. இதில் மர்மம் ஏதுமில்லை. வடக்கே பெண் கடல் எனப்படும் பாக் நீரிணை, தெற்கே ஆண் கடல் எனப்படும் மன்னார் வளைகுடா, இடையே ஒடுங்கிய மணல்திட்டு. புயல் தள்ளிய நீர் ஏறியபோது ஒதுங்க மேடே இல்லை. இரவுகளில் அங்கே கேட்பதாகச் சொல்லும் ஓலமும், கூரையிழந்த தேவாலயத்தின் பவளப்பாறைச் சுவர்களுக்குள் புகுந்து வெளியேறும் கடற்காற்றுதான்.

மாலைக்குப் பின் பயணிகளைத் திருப்பி அனுப்புவதும் ஆவிக்கு அஞ்சியல்ல. நிலம் முடியும் அரிச்சல்முனை வரை விளக்கில்லாத வெட்டவெளி. நீரோட்டம் இழுக்கும் கடல். அருகே இலங்கை எல்லை. மூன்றாவது வாதமோ கண்ணெதிரே பொய்க்கிறது. மீனவக் குடும்பங்கள் அங்கே கூரை வேய்ந்து வாழ்கின்றன. மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, சுரக்கும் நன்னீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் நிரப்புகிறார்கள் பெண்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு அங்கேயே பள்ளிக்கூடமும் இருக்கிறது.

அப்படியானால் பேய்க்கதை எங்கிருந்து வந்தது? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் காடாம்புலியூர், பண்ருட்டி வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. உயிர்களும் போயின. ஆனாலும் இந்தத் தோப்புகளை யாரும் பேய்க்காடு என்று சொல்வதில்லை. மக்கள் இங்கேயே இருந்தார்கள், மறுபடியும் கன்று நட்டார்கள். தனுஷ்கோடியையோ வாழத் தகாத இடமென்று அரசு அறிவித்தது. தண்டவாளமும் துறைமுகமும் திரும்பவில்லை. ஊரைக் கைவிட்ட வெற்றிடத்தில்தான் ஆவிகள் குடியேறின.

அந்த அறிவிப்பு சரிதானே, கடல் இன்னும் ஆபத்துதானே என்று கேட்கலாம். ஆபத்து மெய்தான். அதற்குத் தேவை புயல் எச்சரிக்கையும் பாதுகாப்பான தங்குமிடமும். ஆவிக்கதை எவரையும் காப்பாற்றாது. கதையால் சுற்றுலா வளர்கிறதே என்பார்கள். 2017இல் அரிச்சல்முனைக்குச் சாலை திறந்தபின் வரும் கூட்டத்துக்குச் சொல்ல, அந்த ரயிலின் உண்மைக் கதையே போதும். மாண்டவர்களைப் பேயாக்கிக் காசு பார்ப்பது அவர்களுக்கு இழைக்கும் அவமரியாதை. இருப்பவர்களை இல்லையென்பது அதைவிடக் கொடுமை. ஆளில்லாத ஊருக்கு மின்சாரமும் குடிநீரும் எவரும் கேட்கமாட்டார்கள் அல்லவா?