பேரைச் சொல்லவா: தாமார்

"பேத்திக்குத் தாமார் என்று பெயர் வைக்க மகனும் மருமகளும் ஆசைப்படுகிறார்கள். பைபிளில் அந்தப் பெயருள்ள பெண்கள் கஷ்டப்பட்டவர்கள் ஆயிற்றே என்று எனக்குத் தயக்கமாக இருக்கிறது. வைக்கலாமா?"

வாசகி ஒருவரின் கேள்வி இது. முதலில் அர்த்தத்தைப் பார்த்துவிடலாம் அம்மா.

தாமார் என்பது எபிரேயச் சொல். பொருள், பேரீச்ச மரம். நம்மூரில் செண்பகம், அல்லி என்று பெயர் வைப்பது போலத்தான். பாலைவனத்து மக்களுக்கு நிழலும் உணவும் தந்த மரம் அது. பனையைப் போலவே இதிலும் ஆண் மரம், பெண் மரம் உண்டு. காய்ப்பது பெண் மரம்தான். 92-ம் சங்கீதத்தில் நல்லவர்களுக்கு உவமையாக வருவதும் இந்த மரமே. தமிழ் பைபிளில் அதைப் 'பனை' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

இதன் உறவுச் சொல் ஒன்று நம் சமையலறையிலும் இருக்கிறது. அரபு மொழியில் பேரீச்சம்பழத்துக்கு 'தமர்' என்று பெயர். புளியைப் பார்த்த அரபு வணிகர்கள் அதை 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள். அதுதான் ஆங்கிலத்தில் 'டாமரிண்ட்' ஆனது!

இனி உங்கள் தயக்கத்துக்கு வருவோம். ஆதியாகமத்தில் வரும் தாமார் ஓர் இளம் விதவை. மாமனார் யூதா அவளுக்கு நியாயம் செய்யாமல் ஏமாற்றினார். அவளோ தன் சாமர்த்தியத்தால், 'என்னைவிட இவளே நியாயமானவள்' என்று அவரையே ஒப்புக்கொள்ள வைத்தாள். தாவீது ராஜா அவள் வம்சத்தில் வந்தவர். மத்தேயு எழுதிய இயேசுவின் வம்ச வரலாற்றிலும் அவள் பெயர் இருக்கிறது.

இரண்டாவது தாமார், தாவீதின் மகள். வேறு தாய்க்குப் பிறந்த அண்ணனாலேயே கொடுமைக்கு ஆளானவள். அப்பாவுக்குக் கோபம் வந்தது. ஆனால், மகனைத் தண்டிக்கவில்லை. உடன்பிறந்த அண்ணன் அப்சலோம் வீட்டில் அவள் ஒடுங்கிப்போனாள். பிறகு அப்சலோமுக்கு ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கு என்ன பெயர் தெரியுமா? தாமார்! ஆம், அத்தையின் பெயர். அவமானம் தப்பு செய்தவனுக்குத்தானே தவிர, தங்கையின் பெயருக்கு இல்லை என்று அந்த அண்ணன் நினைத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு இந்தப் பெயர் நாடு நாடாகப் போனது. ஜார்ஜியாவை 1184 முதல் 1213 வரை ஆண்ட அரசி தாமார், அந்த நாட்டின் பொற்காலத்துக்குச் சொந்தக்காரர். ரஷ்யாவில் இது 'தமாரா' ஆனது.

கடைசியாக ஒரு செய்தி. இஸ்ரேலின் மசாதா கோட்டையில் 1960-களில் பழைய பேரீச்ச விதைகள் கிடைத்தன. வயது சுமார் 2,000 ஆண்டுகள். 2005-ல் ஒன்றை நட்டார்கள், முளைத்தது! ஆண் மரம் என்பதால் காய்க்கவில்லை. பின்னர் யூதேயப் பாலைவனத்தில் கிடைத்த வேறு பழைய விதைகளிலிருந்து பெண் மரங்களும் வந்தன. அவற்றில் ஒன்றுக்கு, பிள்ளைக்காக அழுது வேண்டிய அன்னாளின் பெயரை வைத்தார்கள். 2020-ல் அது பழம் தந்தது.

இரண்டாயிரம் வருஷம் மண்ணில் கிடந்தும் காய்க்கிற மரத்தின் பெயர் அம்மா இது. தாராளமாக வையுங்கள். பேத்தி வளர்ந்து, 'ஏன் பாட்டி இந்தப் பெயர்?' என்று கேட்டால், அந்த அத்தையின் கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.