‘அவ தாங்குவா’ என்பது பாராட்டா, பாரமா? டெல்டாவின் தலித் பெண்களும் செல்ஃப் கேரும்

“எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன். நீ சாப்டியா?”

திருவாரூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர் கிராமங்களில் இருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் ராத்திரி வரும் போன் கால்களில் பழகிப்போன பதில் இது. அந்த அம்மாவுக்கு இடுப்பு வலி இருக்கலாம். நாளைக்குக் கட்ட வேண்டிய தவணைக்குப் பணம் புரளாமல் இருக்கலாம். பகலில் யாரோ பேசிய பேச்சு மனசில் நின்றிருக்கலாம். எதுவும் போனில் வராது.

போனை வைத்துவிட்டு இன்ஸ்டாவைத் திறந்தால் வேறு உலகம். ஃபேஸ் பேக், ஸ்பா, தனியாக ஒரு ட்ரிப். இதற்கெல்லாம் பெயர் ‘செல்ஃப் கேர்’. வயலில் குனிந்து நிமிரும் அம்மாவுக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால், இந்தச் சொல்லுக்கு அரசியல் அர்த்தம் கொடுத்தவர்கள் ஸ்பாவுக்குப் போனவர்கள் இல்லை. ஊருக்கெல்லாம் உழைத்துக் களைத்துப்போன அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள்.

எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு?

ஆட்ரி லார்ட் கறுப்பினக் கவிஞர், பெண்ணியவாதி. புற்றுநோயோடு வாழ்ந்துகொண்டே எழுதிய ‘எ பர்ஸ்ட் ஆஃப் லைட்’ என்ற நூல் 1988-இல் வெளியானது. தன்னைப் பார்த்துக்கொள்வது சொகுசு கிடையாது, தன்னைப் போன்றவர்கள் அழிந்துபோகட்டும் என்று விட்டுவிடும் சமூகத்தில் உயிரோடு இருப்பதே ஒரு போராட்டம் என்பது அதில் அவருடைய வாதம்.

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1983-இல், பில்லி ஏவரி என்ற செயற்பாட்டாளர் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் கறுப்பினப் பெண்களின் ஆரோக்கியத்துக்காக ஒரு தேசிய மாநாடு கூட்டினார். அதன் தொடர்ச்சியாகப் பல ஊர்களில் சிறு குழுக்கள் உருவாயின. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, வெளியே சொல்லாத விஷயங்களை ஒருவருக்கொருவர் சொன்னார்கள். ரத்தக் கொதிப்பு, அடி உதை, கடன், பயம். அந்தக் குழுக்களுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘செல்ஃப் ஹெல்ப் குரூப்’. தமிழில் சொன்னால், சுய உதவிக் குழு. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்பி வருவோம்.

அமெரிக்காவின் நிறவெறியும் இங்குள்ள சாதியும் ஒன்றல்ல. ஆனாலும் ஒடுக்கப்பட்டவர்கள் கடல் தாண்டி ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டது புதிதில்லை. 1972-இல் பம்பாயில் உருவான தலித் பேந்தர்ஸ் இயக்கம் பிளாக் பேந்தர்ஸிடம் இருந்துதான் தன் பெயரை எடுத்தது.

டெல்டாவில் சுமை என்றால் என்ன?

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. தண்ணீர் வந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி என்று வேலை ஓடும். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில், அதிலும் நிலமில்லாத தலித் பெண்கள் கையில்தான் நடந்து வந்திருக்கின்றன. சேற்றில் நின்றபடி, நாள் முழுக்கக் குனிந்த முதுகு.

அந்த முதுகில் வரலாறும் இருக்கிறது. பண்ணையாள் முறை இருந்த பழைய தஞ்சை மாவட்டத்தில் ‘சாணிப்பாலும் சவுக்கடியும்’ வெறும் சொல்வழக்கு அல்ல, நிஜமான தண்டனை. 1952-இல் சாகுபடியாளர்களுக்கும் பண்ணையாள்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகும், 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்களின் ஊரான கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட நிலச்சுவான்தார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்த இரவைப் பாட்டிகளிடம் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இன்றைய அம்மாக்கள்.

இன்றைய சுமை வேறு மாதிரி. வயல் வேலை முடிந்தால் வீட்டு வேலை. 2019-ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களே நாலில் ஒரு பங்குதான். அவர்களும் செலவிடுவது 97 நிமிடம். இது எல்லாச் சாதி, எல்லா வர்க்கப் பெண்களுக்குமான சராசரி. காலையில் நடவுக்குப் போகிற பெண்ணுக்கு இந்த ஐந்து மணி நேரம் கூலி வேலைக்கு மேலே வந்து சேர்கிறது.

‘தைரியசாலி’ என்ற பட்டம்

“அவ எதையும் தாங்குவா.” “ஆம்பள மாதிரி நின்னு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துனா.” கணவர் குடித்தாலும், இறந்தாலும், பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டி வந்தாலும், அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது இந்தப் பாராட்டு. உதவி அபூர்வம்.

இதற்கு அமெரிக்க ஆய்வாளர் ஷெரில் வுட்ஸ் ஜிஸ்கோம்பே 2010-இல் ஒரு பெயர் கொடுத்தார்: ‘சூப்பர்வுமன்’ மனச்சட்டகம். கறுப்பினப் பெண்களிடம் பேசி அவர் அடையாளம் கண்டவை இவை: எப்போதும் வலிமையாகத் தெரிய வேண்டும், உணர்ச்சியை அடக்க வேண்டும், யாரையும் சார்ந்திருக்கக் கூடாது, கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஜெயித்துக் காட்ட வேண்டும், தன்னைவிட மற்றவர்களை முதலில் பார்க்க வேண்டும். டெல்டாவின் எந்தக் காலனித் தெருவிலும் இந்தப் பட்டியலை வாசித்தால், “இது எங்க அம்மாவாச்சே” என்று ஒருவராவது சொல்வார்.

இந்தப் பாராட்டில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. அவள் தாங்குவாள் என்று முடிவு செய்துவிட்டால், வேறு யாரும் தோள் கொடுக்க வேண்டியதில்லை. கணவர், பிள்ளைகள், பஞ்சாயத்து, அரசு, எல்லோருக்கும் லாபம். சுமப்பவளுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

பாட்டும் ஒப்பாரியும் போதாதா?

மனசை இறக்கி வைக்க இங்கே வழியே இல்லாமல் இல்லை. நடவு வயலில் குலவையும் பாட்டும் உண்டு. சாவு வீட்டில் ஒப்பாரி உண்டு. இறந்தவரைப் பாடுகிற சாக்கில் தன் பிறந்த வீட்டுக் குறையையும் புகுந்த வீட்டுக் கொடுமையையும் ஒரு பெண் ஊர் கேட்கச் சொல்லிவிட முடியும். வருடா வருடம் டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணி நினைவிடத்தில் மக்கள் கூடுவதும், சேர்ந்து துக்கத்தைச் சுமக்கிற முறைதான்.

ஆனால் இதை ரொமான்டிசைஸ் செய்ய வேண்டாம். நடவுப் பாட்டு முதுகு வலியை மறக்க உதவியது, வலியைப் போக்கவில்லை. ஒப்பாரியில் மனசு திறக்க ஒரு சாவு விழ வேண்டும். இப்போது நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் வந்தபிறகு, பெண்கள் வரிசையாக நின்று பேசிக்கொண்டே வேலை செய்யும் நாட்களும் குறைகின்றன. முதுகுக்கு நல்லதுதான். ஆனால் அந்த நாட்களின் கூலியோடு சேர்த்து, பேச்சுத் துணையும் போகிறது.

ஒரே பெயர், இரண்டு குழுக்கள்

இப்போது அந்தப் பெயருக்கு வருவோம். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு 1989-இல் தருமபுரியில் தொடங்கியது. இன்று டெல்டாவில் குழு இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பொதுவாக 12 முதல் 20 பெண்கள், ஒரு பதிவேடு, சேமிப்பு, கடன். இந்தக் குழுக்கள் பல பெண்களைக் கந்துவட்டியில் இருந்து மீட்டன, வங்கிப் படியேற வைத்தன. இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அட்லாண்டாவின் குழுவில் கேட்ட கேள்வி, “உனக்கு என்ன ஆச்சு?” இங்கே கேட்கும் முதல் கேள்வி, “தவணை கொண்டாந்தியா?” இதோடு தனியார் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். அப்போது பக்கத்து வீட்டுத் தோழியே வசூல்காரி ஆகிவிடுகிறாள். மனம் விட்டுப் பேச வேண்டிய ஆளிடமே ஒளிய வேண்டிய நிலை. மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டி வந்தது.

‘முதல்ல சோறு, அப்புறம் மனசு’ சரியா?

நியாயமான கேள்விதான். கூலி, நிலம், கழிப்பறை, கடன் நிவாரணம் எதுவும் இல்லாமல் “மூச்சை இழுத்து விடுங்கள்” என்று ஒரு நடவுப் பெண்ணிடம் சொல்வது கேலி. சுமையைக் குறைக்காமல் சுமப்பவளுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால், அது ‘அவ தாங்குவா’ என்பதன் புது வடிவம்தான்.

ஆனால் சோறும் மனசும் வேறு வேறு வரிசையில் நிற்பவை அல்ல. கீழ்வெண்மணிக்குப் பிறகு இந்தப் பகுதிக்கு வந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், கணவர் ஜெகந்நாதனோடு சேர்ந்து 1981-இல் ‘லாஃப்டி’ அமைப்பைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை தலித் பெண்கள் பெயருக்கே வாங்கிக் கொடுத்தார். தன் பெயரில் பட்டா இருக்கும் பெண்ணுக்கு, “இங்கிருந்து போ” என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் குறையும். மனச்சுமை இறங்கும் வழிகளில் அதுவும் ஒன்று. நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம், வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’, மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை ஆகியவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். இவை இல்லாமல் போவது பேச்சுத் துணைதான்.

என்ன செய்யலாம்?

பேச்சுத் துணைக்குப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை என்பதை ஜிம்பாப்வே காட்டியிருக்கிறது. 2006-இல் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரப் பெஞ்சில் உட்கார வைத்தார். ‘ஃபிரண்ட்ஷிப் பெஞ்ச்’ என்ற இந்த முறை மனச்சோர்வைக் கணிசமாகக் குறைப்பதாக 2016-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வு உறுதி செய்தது.

டெல்டாவில் பெஞ்ச் கூட வேண்டாம். குழு இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, திண்ணை இருக்கிறது. மாதத்தில் ஒரு கூட்டத்தையாவது தவணைப் பேச்சு இல்லாமல் நடத்தலாம். அதே தெருவில் இருந்து ஒரு பெண்ணுக்குப் பயிற்சியும் ஊதியமும் கொடுத்து, காது கொடுக்க வைக்கலாம். அதே தெரு என்பது முக்கியம். தன்னைத் தொடத் தயங்கியவர்களின் வீட்டு ஆள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால், எந்தப் பெண்ணும் மனசைத் திறக்க மாட்டாள். அங்கே சொன்னது வெளியே போகாது என்ற உத்தரவாதமும் வேண்டும். அதிகம் உடைந்திருப்பவரை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் கூட்டிப்போக வழியும் வேண்டும். தமிழிலேயே 24 மணி நேரமும் இலவசமாகப் பேச 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண் இருக்கிறது. குழுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் அதை அச்சிட எவ்வளவு செலவாகிவிடும்?

மகளிர் திட்டம் மனசு வைத்தால் இதையெல்லாம் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் சில ஊராட்சிகளிலாவது தொடங்கிப் பார்க்க முடியும்.

அதுவரை, பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. “நல்லாத்தான் இருக்கேன்” என்று அம்மா சொன்னதும் வைத்துவிடாமல், “இந்த வாரம் தவணை எவ்வளவும்மா?” என்று கேட்கலாம். லீவுக்கு ஊருக்குப் போனால் பாத்திரத்தைக் கழுவி வைக்கலாம். அடுத்த முறை யாராவது “உங்க அம்மா எதையும் தாங்குவாங்க” என்று பெருமையாகச் சொன்னால், “ஏன் தாங்கணும்?” என்று திருப்பிக் கேட்கலாம்.