இரண்டில் எதன் படம் நல்லது?



வீட்டுச் சுவரில் பெரிய படம் காட்டும் புரொஜெக்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கருவிகளுக்கிடையில் தடுமாறுவர். விலை ஏறத்தாழ ஒன்று. இரண்டிலும் 1920க்கு 1080, அதாவது 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். உடனே பெட்டியில் எந்த எண் பெரிதென்று பார்த்து முடிவெடுத்துவிடுகிறோம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை இப்படியா செலவிடுவது?

முதலில் கருவியின் வகையை அறிந்துகொள்ளுங்கள். டி.எல்.பி. வகை, 1987இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹோர்ன்பெக் கண்டுபிடித்த நுண்கண்ணாடிச் சில்லினால் இயங்குவது. வீட்டுக் கருவிகளில் பெரும்பாலும் ஒரு சில்லே இருப்பதால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வரும். சிலர் கண்ணுக்கு வெள்ளை எழுத்தின் ஓரத்தில் வானவில் போல் நிறங்கள் சிதறித் தெரியும். சிலருக்குத் தெரியவே தெரியாது. மூன்று எல்.சி.டி. தகடுகள் கொண்ட வகையில் மூன்று நிறங்களும் ஒன்றாகவே வரும். அங்கே வானவில் இல்லை. ஆனால் தகடுகள் இம்மியளவு விலகினாலும் எழுத்தோரத்தில் நிறம் கசியும்.

இனி எண்களுக்கு வருவோம். லூமென் என்று பொதுவாகக் குறிப்பது வெள்ளை ஒளியின் அளவையே. சில டி.எல்.பி. கருவிகளில் வெள்ளை பளிச்சிடும், சிவப்போ மங்கிப்போகும். வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதத்தைப் பெரும்பாலும் முழு வெள்ளையையும் முழுக் கறுப்பையும் தனித்தனியே காட்டி அளக்கிறார்கள். கறுப்பு வரும்போது கருவி தானாக ஒளியைக் குறைத்துக்கொண்டால் எண் பெருகிவிடும். வெளிச்சமும் நிழலும் கலந்த காட்சிக்கு அந்த எண் சாட்சியாகாது.

ஆகவே கண்ணால் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் ஒரே நீதி செய்யுங்கள். ஒரே சுவர், ஒரே அகலம், ஒரே காட்சி. படத்தின் அகலத்தை இருமடங்காக்கினால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவி, வெளிச்சம் கால்பங்காகிவிடும் என்பதை மறவாதீர்கள். இரண்டையும் அரை மணி நேரம் ஓடவிட்டு, சினிமா முறைக்கு மாற்றி, விளக்குகளை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

இரவுக் காட்சியில் கறுப்புச் சட்டையின் மடிப்புத் தெரிகிறதா? வெள்ளைத் துணியின் நெசவு வெளிறாமல் இருக்கிறதா? மனித முகம் மனித முகமாக இருக்கிறதா? இந்த மூன்றும் போதும். பிறகு வீட்டிலுள்ள எல்லோரையும் அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாத வானவில் பிள்ளையின் கண்ணை உறுத்தக்கூடும்.

வெளிச்சமான கடையில் ஒளி கூடியதே வெல்லும். நீங்கள் ஆண்டுக்கணக்கில் பார்க்கப் போவதோ உங்கள் வீட்டு அறையில். அறையை இருட்டாக்கிக் காட்டச் சம்மதிக்கும் கடைக்காரரிடம் வாங்குங்கள்.