பின்விளக்கு பின்னால் வருபவருக்காக

மோட்டார் சைக்கிளின் பின்விளக்கு எரிகிறதா என்பதை ஓடும் வண்டியில் உட்கார்ந்திருப்பவரால் பார்க்க முடியாது. அது பின்னால் வருபவருக்காக இருக்கிறது. முகப்பு விளக்கிலும் பாதிப் பங்கு எதிரே வருபவருக்குச் சேர வேண்டியது. அவற்றுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயரிங்கையும் பேட்டரியையும் சார்ஜ் ஏற்றும் அமைப்பையும் மட்டும் வண்டிக்காரரின் சொந்தச் செலவு, சொந்தப் பாடு என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். உப்புக்காற்று வீசும் தூத்துக்குடிக் கரைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. இங்கே இருசக்கர வண்டியின் மின்சாரப் பராமரிப்பு ஊரே பகிர்ந்துகொள்ள வேண்டிய வேலை.

இந்த ஊரின் உழைப்பு இருட்டில் தொடங்குகிறது. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க உப்பளத் தொழிலாளர்கள் விடியலுக்கு முன்பே கிளம்புகிறார்கள். திரேஸ்புரத்துக்கும் மீன்பிடித் துறைமுகத்துக்கும் ஐஸ் பெட்டி கட்டிய வண்டிகளில் மீன் வியாபாரிகள் வந்து சேருகிறார்கள். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் இரவு ஷிப்ட் ஆட்கள் போய்த் திரும்புகிறார்கள். கண்டெய்னர் லாரியும் நிலக்கரி லாரியும் உப்பு லாரியும் ஓடுவது அதே சாலைகளில்தான். 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. வேகம், குடி, தலைக்கவசம் போடாதது என்று காரணங்கள் பல. அவற்றோடு, குறைந்த செலவில் நீக்கக்கூடிய காரணம் ஒன்றும் உண்டு: விளக்கு எரியாத வண்டி.

கோளாறு எங்கே பிறக்கிறது என்று தெரிந்தால்தான் பொறுப்பையும் பங்கிட முடியும். எஞ்சின் சுழலும்போது மேக்னெட்டின் காந்தங்கள் காயிலைச் சுற்றி ஓடி மாறுதிசை மின்சாரத்தை உண்டாக்குகின்றன. ரெகுலேட்டரும் ரெக்டிஃபையரும் சேர்ந்த சிறு பெட்டி அதை நேர்திசையாக்கி, அளவு மீறாமல் பேட்டரிக்கு அனுப்புகிறது. நல்ல 12 வோல்ட் பேட்டரி, எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சினை ஓடவிட்டு மிதமாக முறுக்கினால் அது 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் ஏற வேண்டும். 13-ஐத் தாண்டாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பேட்டரி கொதித்து வீணாகும், பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்ட்டிமீட்டரும் ஐந்து நிமிடமும் போதும்.

பேட்டரியில் சரியாக இருக்கும் மின்சாரம் விளக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் வழியில் தேய்ந்துவிடுவது கடற்கரைக்கே உரிய தொல்லை. காற்றில் வரும் உப்பு, ஈரத்தோடு சேர்ந்து, ஒயர்களை இணைக்கும் கப்ளர்களின் பித்தளை முனைகளில் படிகிறது. செம்பு களிம்பேறி, ஒயரின் உறைக்குள்ளேயே பச்சையாக ஊர்ந்து போகிறது. வண்டியின் இரும்புச் சட்டத்தில் எர்த் பிடிக்கும் போல்ட்டுக்கு அடியில் துரு கட்டுகிறது. மீன் வண்டிகளில் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் நேராகப் பின்விளக்கின் ஒயர்மேல் சொட்டுகிறது. உப்பள வண்டிகள் பகலெல்லாம் பாத்தி வரப்பில் நின்று உப்புக்காற்றைக் குடிக்கின்றன. இழை பல்புக்குப் போகும் வோல்ட் 10 விழுக்காடு குறைந்தால் அதன் வெளிச்சம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். வெளிச்சம் சிறுகச் சிறுகக் குறைவதால் ஓட்டுபவரின் கண்ணும் அதற்குப் பழகிவிடுகிறது.

2023 டிசம்பர் வெள்ளம் இதை இன்னும் மோசமாக்கியது. டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. மூழ்கிய வண்டியில் முதலில் எஞ்சின் ஆயிலை மாற்றுவோம், பிறகு ஏர் ஃபில்டரை. வண்டி ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்ததாக நினைப்போம். கப்ளர்களுக்குள் புகுந்த சேற்றுநீர் காய்ந்தாலும் அதன் உப்பு உள்ளேயே தங்கி, மாதக்கணக்கில் உலோகத்தைத் தின்னும். அப்போது தொடங்கிய அரிப்பு, இன்றுவரை திறந்து பார்க்காத வண்டிகளில் இன்னும் நடந்துகொண்டிருக்கலாம்.

வண்டிகளும் மாறிவிட்டன. 2017 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வரும் இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை முகப்பு விளக்கும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்தபிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், மின்சாரத்தில் இயங்கும் பெட்ரோல் பம்ப் வந்துவிட்டது. பழைய வண்டியில் பேட்டரி செத்தாலும் கிக்கரை உதைத்து வீடு சேரலாம். புதிய வண்டிகளில் பலவும் பேட்டரி முழுதாக இறங்கினால் கிளம்பவே மறுக்கும். சார்ஜிங் அமைப்பின் சுமை கூடியிருக்கிறது. அதைக் கவனிக்கும் பழக்கம் மட்டும் கார்புரேட்டர் காலத்திலேயே நிற்கிறது.

வெளிச்சம் போதவில்லை என்றதும் நாம் செய்வது பெரும்பாலும் தலைகீழ் வைத்தியம். கடையில் கிடைக்கும் கூடுதல் விளக்கு இரண்டை ஹேண்டிலில் மாட்டுகிறோம். 55 வாட் பல்பு இரண்டு என்றால் ஒன்பது ஆம்பியருக்கு மேல் கேட்கும். 35 வாட் முகப்பு விளக்குக்காக வடிவமைத்த சிறு வண்டியின் மேக்னெட்டுக்கு அது தாங்காத பாரம். மலிவான வெள்ளை எல்.இ.டி. விளக்கு மின்சாரத்தைக் குறைவாகத்தான் எடுக்கும். ஆனால் எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று செப்புக் கம்பியைச் சுற்றிவைப்பது, ஷார்ட் ஆனால் வண்டியையே கொளுத்தும் வேலை. அறுந்த ஒயரை முறுக்கி டேப் ஒட்டினால் அந்தக் கோடை தாங்கும், அடுத்த மழை தாங்காது.

சரியான மேம்பாடு கண்ணில் படாத இடத்தில் நடக்கிறது. முகப்பு விளக்குக்குத் தனி ரிலேயும் போதுமான தடிமனுள்ள ஒயரும் கொடுத்தால் மின்சாரம் சுவிட்ச் வழியாகச் சுற்றி வரும் நீண்ட பாதையும் அதன் இழப்பும் குறையும். எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி, பளபளப்பான இரும்பில் மறுபடி இறுக்க வேண்டும். இணைப்புகளை அதற்கான கருவியால் நசுக்கியோ சால்டர் வைத்தோ பிடித்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடி, கப்ளர்களில் மின்காப்பு கிரீஸ் தடவ வேண்டும். பேட்டரியிலிருந்து மின்சாரம் பெறும் விளக்கு எரியும்போது பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் விளக்கின் முனைக்கும் இடையே அளந்து பார்க்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ களிம்பு உட்கார்ந்திருக்கிறது. எர்த் பக்கமும் அப்படியே அளக்க வேண்டும். புது பல்பு வாங்குவது இதற்கெல்லாம் பிறகுதான்.

இவ்வளவும் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆனாலும் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டுகிறார்கள். மலிவாக முடித்துக் கொடு என்று வண்டிக்காரர்தான் கேட்கிறார் என்கிறார் மெக்கானிக். ஒரிஜினல் ஒயரிங் செட் வாங்கினால் வாரக்கூலி போய்விடும் என்கிறார் உப்பளத்துக்குப் போகிறவர். விதியைச் சொல்லி அபராதம் போடுகிறது போலீஸ். சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும் என்பதால் அதுவரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அதை வழக்கமான தகுதிப் பரிசோதனைக்கு அழைப்பதில்லை. இதில் ஒவ்வொருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எல்லாருடைய நியாயத்தையும் கூட்டினாலும் அந்தப் பின்விளக்கு எரியப்போவதில்லை.

முன்கூட்டிப் பார்த்துவிட்டு இறங்கும் பழக்கம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலடிப் பார்களை முதலில் ஆய்வு செய்தார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்து, கிடைத்த முத்தின் மதிப்பைக் கணக்கிட்டார்கள். சிப்பி முதிர்ந்திருந்தால்தான் குளிப்புக்கு நாள் குறித்தார்கள். கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அந்த முறையிலிருந்து நமக்கு வேண்டியது, பருவத்துக்கு முன் பொதுப் பரிசோதனை என்ற ஒழுங்கு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகவே செப்டம்பரைத் தூத்துக்குடி மாவட்டத்தின் வண்டி மின்பரிசோதனை மாதமாக வைத்துக்கொள்ளலாம்.

அதில் எல்லாரும் ஒப்புக்கொள்ளக்கூடிய குறைந்த அளவு இவ்வளவுதான்: சார்ஜிங் வோல்ட், விளக்கு ஒயரில் இழப்பு, பின்விளக்கும் பிரேக் விளக்கும், மின்சாரமே தேவைப்படாத பிரதிபலிப்பு ஸ்டிக்கர். அரசு ஐ.டி.ஐ. மாணவர்களும் வ.உ.சி. பொறியியல் கல்லூரி மாணவர்களும் மல்ட்டிமீட்டருடன் துறைமுக வாசலிலும் மீன் ஏலக்கூடத்திலும் உப்பளச் சாலையிலும் நின்றால் அவர்களுக்கும் அது பாடம். மெக்கானிக்குகள் டேப் ஒட்டு வேலையை ஏற்பதில்லை என்று தங்களுக்குள் பேசி முடிவெடுக்கலாம். போலீஸ் அந்த மாதத்தில் அபராதச் சீட்டுக்குப் பதிலாகப் பழுதுச் சீட்டு கொடுத்து, சரிசெய்ய ஒரு வாரம் தரலாம். அதற்குப் பிறகும் விளக்கில்லாமல் வந்தால் அபராதம் போடுவதில் தவறில்லை. ஆள் வைத்து வேலை வாங்கும் உப்பு உற்பத்தியாளர்களும் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களும் தங்கள் தொழிலாளிகளின் வண்டிகளுக்கு இந்தச் சிறு பழுதின் செலவை ஏற்க வேண்டும். இருட்டில் வரச்சொல்வது அவர்கள்தானே? வண்டி விற்பவர்கள், கடற்கரை ஊர்களுக்குத் தண்ணீர் புகாத கப்ளர்களைக் கேட்டுத் தங்கள் கம்பெனிகளை நெருக்கலாம். வண்டி ஓட்டுபவருக்கும் ஒரு கடமை உண்டு. முன்னால் போகிறவரின் விளக்கு அணைந்திருந்தால் பக்கத்தில் போய் “அண்ணாச்சி, பின் லைட் எரியல” என்று சொல்லிவிடுவது.

எல்லாம் மின்வண்டியாகப் போகிறது, இதற்கெல்லாம் இனி வேலை இருக்காது என்று சிலர் நினைக்கலாம். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியிலேயே வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறக்கப்பட்டது. ஆனால் மின்வண்டியிலும் விளக்குக்கு ஒயர் போகிறது, கப்ளர் இருக்கிறது, உப்பு படிகிறது. இன்று கற்கும் கைத்திறன் அங்கே இன்னும் கூடுதலாகவே தேவைப்படும்.

மாவட்ட நிர்வாகம் இந்தத் தரப்புகளை ஒரே மேசைக்கு அழைக்க வேண்டும். முதல் செப்டம்பர் முடிந்ததும் எத்தனை வண்டிகள் பரிசோதனைக்கு வந்தன, எத்தனையில் சார்ஜ் ஏறவில்லை, எத்தனையில் பின்விளக்கு எரியவில்லை என்ற கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அடுத்த ஆண்டின் கணக்கை அதன் பக்கத்திலேயே ஒட்டினால், யார் தன் பங்கைச் செய்தார், யார் செய்யவில்லை என்று ஊரே படித்துத் தெரிந்துகொள்ளும்.