விரல் முடங்கிய பின்னரா வைத்தியம்?

‘வாதம்’ என்ற ஒரு சொல்லைப் போல நம் ஏழைப் பெண்களை வஞ்சித்த சொல் வேறில்லை. நன்னீருக்குப் பெயர்பெற்ற மண்கும்பானிலே தண்ணீர் அள்ளியும் பனையோலை பின்னியும் குடும்பம் தாங்கும் ஒருத்தியின் விரல்மூட்டுகள் விடியற்காலையில் வீங்கி விறைத்து நிற்கின்றன. ஒரு மணி நேரம் சென்றும் கை மடங்குவதில்லை. “வயது போனால் வருவதுதானே!” என்கிறது ஊர். அவளுக்கு வயதோ முப்பத்தைந்து!

முடக்குவாதம் முதுமையின் தேய்மானமன்று. உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனமே சொந்த மூட்டின் மென்சவ்வைத் தாக்கும் நோய் அது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு பற்றுவது. அதன் தடயம் இரத்தத்தில் கிடக்கிறது. 1940இல் நோர்வேயின் எரிக் வாலர் கண்ட ‘ருமற்றோயிட் காரணி’ பழைய சாட்சி. முதியோரிடமும் ஈரல் அழற்சியுற்றோரிடமும் தென்படுவதால் அரைச் சாட்சி. 1998இல் நெதர்லாந்து ஆய்வாளர் அறிவித்த, சிற்றுலின் சேர்ந்த புரதக்கூறுகளுக்கு எதிரான பிறபொருளெதிரியோ பெரும்பாலும் இந்நோய்க்கே உரியது. மூட்டு வீங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே பலரது இரத்தத்தில் அது வந்துவிடுகிறது. 2010இன் சர்வதேச வரையறை இவ்விரண்டையும் கணக்கில் எடுத்தது.

உடனே வணிகனுக்கு நாவூறுகிறது! நோவே இல்லாதவனை ‘முழுப் பரிசோதனை’க்கு அழைத்து, ஓர் எண்ணைக் காட்டிப் பயமுறுத்தலாமல்லவா? அந்த எதிரி இருப்போர் எல்லோரும் நோயாளராவதில்லை. நோயுற்றோர் பலரிடம் அது இல்லாமலும் போகும். 2006இல் இலங்கையிற் பரவிய சிக்குன்குனியாவும் மூட்டைத்தான் வீங்கவைத்தது. ஆகவே மூட்டைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியரின் விரல் முதலில் வேண்டும், ஊசி பிறகு.

காலத்தே கண்டால் மருந்து உண்டு. வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மெதோட்ரெக்சேற், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் நடத்திய அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் 1940களில் உருவானது. புதிய ஊசிமருந்துகளோடு ஒப்பிட்டால் விலை அற்பம். ஆனால் கர்ப்பிணிக்கு ஆகாது. ஈரலையும் இரத்தத்தையும் இடைவிடாது பார்த்தே கொடுக்கவேண்டும். பண்ணைப் பாலம் கடந்து ஒவ்வொரு முறையும் ஒருநாட் கூலியை இழப்பவளால் அது எத்தனை மாதம் முடியும்?

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! மூட்டுவாதக் கிளினிக் மாதம் ஒருமுறையேனும் தீவகத்திலேயே நடக்கவேண்டும். வைத்தியர் கேட்கும் பிறபொருளெதிரிப் பரிசோதனை அரசாங்க ஆய்வுகூடத்தில் காசின்றி நடக்கவேண்டும். மாதர் சங்கங்களோடு சேர்ந்து மனு எழுதுங்கள். சில வாரங்களாகியும் விரல் வீக்கம் வற்றாதவர்களின் கணக்கை வீடுவீடாக எடுத்து அதனோடு இணையுங்கள்.